ஓடைக்கரைத் தடிகளைப் பிடுங்கியது நாங்கள்தான்

தலைவர் மாமா, நீங்கள் பொய் சொன்னீர்கள்.

போன ஞாயிறு பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் சனம் சோறு தின்றுகொண்டிருந்தபோது மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். எங்கள் தோட்டச் சங்கத்தின் நிலத்தை அந்த நாளில் கெடுக்க வந்தவர்கள் ஓடைக் குழுவின் ஆட்களாம். அவர்கள் நட்டதெல்லாம் பட்டுப்போனதாம். அவர்களைத் துரத்திவிட்டு, எங்கள் ஆட்களின் அனுபவத்தால் நிலத்தைக் காப்பாற்றியது நீங்களாம். அதோடு விட்டிருந்தால் நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் நீங்கள் விடவில்லை. "இப்ப எங்களோட இல்லாத என்ர கூட்டாளியும் நானும்தான் அவையைக் கலைச்சனாங்கள்" என்றீர்கள். அந்தக் கூட்டாளி என் அப்பா. செத்த மனிதரைச் சாட்சிக்குக் கூப்பிட்டீர்கள். அவர் எழும்பி வந்து இல்லை என்று சொல்லமாட்டார் என்ற துணிவு.

சனம் கை தட்டியது. என்னோடு அந்த நாளில் அதே வானின் பின்சீற்றில் நெருக்கியடித்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தவர்களும் தட்டினார்கள். அவர்களைத்தான் எனக்குப் பொறுக்க முடியவில்லை. இதை அவர்களுக்குத்தான் எழுதுகிறேன்.

நாற்பதை நெருங்குகிறோம். முழங்கால் நோகிறது. தலைமயிருக்குச் சாயம் பூசுகிறோம். பிள்ளைகளின் பல்லுக்குக் கம்பி கட்ட அலைகிறோம். மறந்துபோச்சு என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. வருகிற ஞாயிறு சங்கத்தில் வாக்கெடுப்பு. ஓடையின் கீழ்க்கரை இடிகிறது. ஓடைக் குழுவில் இருந்து இரண்டு இளம் ஆட்கள் வந்து, புதிதாகத் திட்டம் போட்டுத் தரட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களை நிலத்துக்குள் விடுவதா இல்லையா என்பதுதான் கேள்வி. விடாவிட்டால் கரை போகும், கரையோடு நிலமும் போகும். கை தூக்குவதற்கு முன் இதை வாசியுங்கள்.

ஊரில் சண்டை ஓய்ந்திருந்த வருஷங்கள் அவை. நாங்கள் மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி இறக்கினார். அம்மாவுக்கு ஒரு கார்டரியில், சின்னப் பிள்ளைகளின் காப்பகத்தில், குசினி வேலை. பின்னேர வகுப்புக்குப் போய் அம்மா பிரெஞ்சு படித்துக்கொண்டார். அப்பா படிக்கவில்லை. களஞ்சியத்தில் "ஓகே பொஸ்" என்ற இரண்டு சொல்லோடு அவருடைய நாள் முடிந்துவிடும்.

கோயிலடியில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து சங்கம் தொடங்கின. நகரத்தின் மேற்குப் பக்கம் பியர்போன்ஸைத் தாண்டி, வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் ஒரு கிழட்டுக் கமக்காரரிடம் நிலம் குத்தகைக்கு எடுத்தார்கள். அவரை நாங்கள் நிலக்காரர் என்போம். மேலே தெரு, கீழே ஓடை, நடுவில் சரிவாக எங்கள் நிலம். கறுத்த களிமண். மழை பெய்தால் சப்பாத்தைக் கழற்றி எடுத்துக்கொள்ளும். என்னுடைய ஒரு நீலச் சப்பாத்து இன்றைக்கும் அந்த மண்ணுக்குள் எங்கேயோ கிடக்கிறது.

சனிக்கிழமை காலையில் தலைவர் மாமாவின் வான் வரும். பெற்றோல், வெங்காயம், ஈரச் சாக்கு, யாரோ ஒரு பிள்ளை எடுத்த சத்தி, எல்லாம் சேர்ந்த மணம். பெல்ட் இல்லாத சீற்றில் மூன்று பேருக்கு இடம், ஐந்து பேர் இருப்போம். பொலிஸைக் கண்டால் "குனியுங்கோடா கத்தரிக்காயளே" என்று மாமா கத்துவார். நாங்கள் குனிந்து சிரிப்போம். ஐஸ்கிறீம் பெட்டிக்குள் பிட்டும் மீன்குழம்பும் இருக்கும். மாமா கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் ஓட்டியிருக்காவிட்டால் எங்களில் ஒருவருக்கும் அந்த நிலம் கிடைத்திராது.

அப்பாவுக்கு அந்த நிலம் என்ன என்பதைச் சொல்ல வேண்டும். அங்கே மட்டும்தான் அவர் ஒருவருக்கும் ஓகே பொஸ் சொல்லவில்லை. குந்தி இருந்து மண்ணைக் கிள்ளி விரலில் உருட்டிப் பார்த்து, "இதுக்குள்ள இண்டைக்கு இறங்கக்கூடாது, நாளைக்குப் பாப்பம்" என்பார். மற்ற ஆம்பிளைகள் கேட்பார்கள். என் அப்பா சொல்வதை மற்றவர்கள் கேட்பதை நான் முதன்முதலில் கண்டது அங்கேதான். அந்த நிலம் போனால் அவருக்கு அந்தக் குரலும் போய்விடும். பன்னிரண்டு வயதில் எனக்கே அது விளங்கியது.

இனிப் பிழையைச் சொல்கிறேன். எங்கள் பிழை.

தலைவர் மாமாவின் ஆட்கள் யாழ்ப்பாணத்தில் வெங்காயம் போட்டவர்கள். அங்கே தோட்டத்தில் ஒரு புல்லு நின்றால் அந்த வீட்டு ஆம்பிளை சோம்பேறி. செம்மண்ணில், தட்டை நிலத்தில், கிணற்றுத் தண்ணீரில் அது சரி. அதே பெருமையை இங்கே சரிவான களிமண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். நிலக்காரரிடம் கேட்டு, உழவுச் சால்களை மேலிருந்து கீழே, நேரே ஓடைக்கு இறக்கினார்கள். வெள்ளம் வடியுமாம். ஓடையின் விளிம்பு வரைக்கும் புல்லை மண்வெட்டியால் செருக்கினார்கள். முதல் வருஷம் நல்ல விளைச்சல். இலையுதிர் காலத்தில் கட்டையெல்லாம் பிடுங்கி, சருகெல்லாம் கூட்டி, வெறும் கறுப்பு மண்ணாக விட்டுவிட்டுப் படம் எடுத்தார்கள். "சவரம் எடுத்த மாப்பிள்ளை மாதிரி இருக்கு பாருங்கோ" என்றார் மாமா.

அடுத்த வசந்தத்தில் பனி உருகியது. நாங்கள் போய் இறங்கியபோது மாப்பிள்ளையின் முகத்தில் வாளால் கீறினது போல இருந்தது. ஒவ்வொரு சாலும் என் இடுப்பளவு ஆழமான வாய்க்காலாக, கானாகியிருந்தது. மேல்மண் முழுக்க ஓடைக்குள். ஓடை தேத்தண்ணிச் சாயம் மாதிரி ஓடியது. கீழே உள்ள கமக்காரரின் குளத்தை எங்கள் மண் போய் மூடியிருந்தது.

நிலக்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் சொன்னதை அம்மா தமிழில் சொன்னார். "ஓடைக் குழு எண்டு ஒண்டு இருக்காம். அதில வேலை செய்யிற ஆக்கள் வந்து, மண்ணையும் தண்ணியையும் பிடிச்சு வைக்க ஒரு திட்டம் எழுதித் தருவினமாம். அதின்படி செய்தால் நிலம் எங்களுக்கு. இல்லாட்டி இந்த வருஷத்தோட சரியாம்."

"திட்டமோ?" என்றார் மாமா. "எங்களுக்குத் தோட்டம் செய்யப் படிப்பிக்கப் போகினமோ?"

வந்தவர் ஒரு பெண். உயரம், முகமெல்லாம் வெயிற் புள்ளி, தொடை வரைக்கும் ரப்பர் சப்பாத்து. ஓடைக்காரி என்று பெயர் வைத்தது என் சித்தப்பா. மரியாதையான பெயர் இல்லை. ஆனால் எங்களுக்கு அதுதான் நிலைத்தது.

அவர் கொட்டும் மழையில் வந்தார். நாங்கள் எல்லாரும் வானுக்குள். கண்ணாடியெல்லாம் மூச்சுப் புகை. அவர் மட்டும் நிலத்துக்குள் குனிந்து குனிந்து நடந்தார்.

"இஞ்ச பாருங்கோ, மழைக்க மாடு மேய்க்க வந்திருக்கிறா" என்றார் சித்தப்பா.

"அரசாங்கச் சம்பளம். நனைஞ்சால் என்ன, காய்ஞ்சால் என்ன" என்றார் மாமா.

"உங்கட ரெண்டு பேரின்ர வாயும் நனையாதோ?" என்றார் அம்மா. "ஆரெண்டாலும் ஒரு தேத்தண்ணி குடுப்பம்."

அம்மா போத்தலோடு இறங்கினார். அப்பாவும் பின்னால் இறங்கினார். பிள்ளைகள் எங்களை யார் பிடிக்க? ஓடைக்காரி தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கடதாசிக் கோப்பையை மேல்கானில் மிதக்க விட்டார். அது போன பாதையில் அவரும் போனார். நாங்களும் கத்திக்கொண்டு ஓடினோம். கோப்பை எங்கே சுழன்றதோ அங்கே ஒரு தடியைக் குத்தினார். எங்கே பாய்ந்ததோ அங்கே ஒன்று. ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் எல்லாரும் உங்கள் கோப்பைகளையும் விட்டீர்கள். யாருடையது முதலில் ஓடைக்குப் போகிறது என்று பந்தயம் பிடித்தீர்கள். எங்கள் மண் எந்த வழியால் போனது என்பதை அன்றைக்குத்தான் பெரியவர்கள் கண்ணால் கண்டார்கள்.

பிறகு அம்மாவிடம் வெறும் போத்தல் ஒன்று கேட்டார். தேசிக்காய் ஊறுகாய் இருந்த போத்தல். அதற்குள் எங்கள் மண்ணைப் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி, வானின் முன்பக்கத்தில் வைத்தார். மத்தியானம் சாப்பிட்டு முடிய அடியில் மணல், மேலே வண்டல், அதற்கு மேல் தெளியவே தெளியாத கலங்கல். "இந்தக் கலங்கல்தானாம் உங்கட உரம். இதுதானாம் ஓடைக்கை போறது" என்று அம்மா சொன்னார். அப்பா போத்தலைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

ஓடைக்காரி அப்பாவிடம் கேட்டார்: உங்கள் ஊரில் தண்ணீரை எப்படி நிறுத்தினீர்கள்?

அப்பா மன்னார்ப் பக்கத்து வயற்காரர். தடியை எடுத்து ஈரமண்ணில் கீறிக் காட்டினார். சரிவுக்குக் குறுக்கே வரம்பு. வரம்பில் புல்லு. நடுவில் தண்ணீர் வழிய ஒரு வாய், வாயில் கல்லு. அவர் கீறியதைப் பார்த்து ஓடைக்காரி தன் கொப்பியில் அப்படியே கீறினார். கீறிவிட்டு அப்பாவிடம் காட்டினார். சரியா என்று கேட்டார். எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் அப்பாவிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். மாமா சொன்னதில் ஒரு துண்டு உண்மை இதுதான். எங்கள் ஆட்களின் அனுபவமும் அந்தத் திட்டத்தில் இருந்தது. அதைக் கேட்டு எடுத்துக்கொண்டது யார் என்பதை மட்டும் மாமா விழுங்கிவிட்டார்.

திட்டம் இவ்வளவுதான். சால்களைக் குறுக்கே போடுவது. இடையில் புல்லு வரம்பு. குளிருக்கு முன் ரை என்ற தானியத்தை விதைத்துவிடுவது, அது பனிக்குக் கீழேயும் வேரால் மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். எருக்கும்பியை ஓடைக்குக் கிட்ட வைக்காமல் மேலே ஏற்றுவது. ஓடையோரம் பத்தடிக்கு ஒன்றும் செய்யாமல் புல்லும் மரமுமாக விடுவது.

பத்தடி என்றதும் மாமா துள்ளினார். "அரையடி வேலிக்குக் கோடு கச்சேரி ஏறின சனம் நாங்கள். பத்தடியைப் புல்லுக்கு விடவோ? இதென்ன, புல்லைச் செருக்க ஒரு வருஷம், புல்லை விதைக்க ஒரு வருஷமோ?"

"அண்ணை, அந்தப் பத்தடி ஏற்கெனவே ஓடைக்கை போட்டுது" என்றார் அப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஓடையோரம் மரம் வைப்பது தன் வேலை என்று ஓடைக்காரி சொன்னார். எந்த மரம், எப்படி வைப்பது என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் போனபோது ஓடையில் பனிப்புகார் மூடிக் கிடந்தது. வான் நின்றது. மாமா கதவைத் திறந்தவர், ஒரு காலை வெளியே வைத்தபடி அப்படியே நின்றார்.

ஓடையோரம் நெடுக, முழங்கால் உயரத்துக்கு வரிசையாகத் தடிகள். இலை இல்லை. ஒவ்வொரு தடியின் நுனியிலும் சிவப்புப் பெயின்ற்.

போன வருஷம்தான் மாமா ஊருக்குப் போய் வந்திருந்தார். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு தன் வீட்டைப் பார்க்கப் போனவர், தன் வேலியடியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். வேலியைச் சுற்றிச் சிவப்பு நுனித் தடிகள். உள்ளே மிதிவெடி. அந்தக் கதையை வானில் எத்தனை தரம் சொல்லியிருப்பார். என் அம்மாவின் ஊரிலும் அதுதான். சிவப்பு வைத்த தடி என்றால் காலை எடுத்து வைக்காதே. பிள்ளைகளுக்கு முதலில் படிப்பித்த பாடம் அது.

அம்மாமார் எங்களை ஒவ்வொருவராகப் பிடித்து வானுக்குள் இழுத்தார்கள். என் கையில் அம்மாவின் நகம் பதிந்தது. "இது கனடா. இஞ்ச வெடி இல்லை" என்று அப்பா சொன்னார். சொன்னவரும் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. வெடி இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். காலுக்குத்தான் தெரியவில்லை.

மாமாவின் பயம் பிறகு வேறு பக்கம் திரும்பியது. "அளந்து வைச்சிருக்கிறாங்கள்" என்றார். "முதல் தடி வைப்பாங்கள். பேந்து கம்பி. பேந்து பலகை. பேந்து, நீங்கள் ஆர் எண்டு எங்களைக் கேப்பாங்கள்."

அவருடைய வீட்டை ஆமி எடுத்தபோது அப்படித்தான் நடந்தது. அதை நான் இன்றைக்கும் பகிடி பண்ண மாட்டேன்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்த கையோடு ஆம்பிளைகள் வானில் ஏறினார்கள். பிள்ளைகள் எங்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஏனென்றால் அம்மாமார் மண்டபத்தில் அன்றைக்குச் சமையல். கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, மினுக்கிய சப்பாத்து, அதோடு சேற்றில் இறங்கினார்கள். முதலில் போனது என் அப்பா. "நில்லுங்கோ, நான் பாக்கிறன்" என்றார். ஒவ்வொரு அடியாக வைத்தார். முதல் தடியைப் பிடித்தபோது அவர் முதுகுச் சட்டை நனைந்திருந்ததை நான் கண்டேன். பிடுங்கினார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதை மாமா பிடுங்கினார். பிறகு எல்லாரும் பாய்ந்தார்கள். சிரித்துச் சிரித்துப் பிடுங்கினார்கள். பெரிய ஆம்பிளைகள் அப்படிச் சிரித்து நான் முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. என் அப்பா ஒரு வீரன் என்று வானுக்குள் இருந்து நினைத்தேன். எவ்வளவு பிழையாக நினைத்திருக்கிறேன்.

"ஓடைக்கை எறியுங்கோ" என்றார் மாமா.

"நல்ல தடியள் அண்ணை. பயித்தங்கொடிக்கு ஊண்டலாம்" என்றார் அப்பா. அவருக்கு எதையும் எறிய மனம் வராது. அந்த நேரமே மேற்பாத்தியில் வரிசையாக ஊன்றிவிட்டார்.

அம்மா கேள்விப்பட்டதும், "என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்தானே. எனக்கு வாய் இருக்கு. அந்த மனிசியைக் கேட்டுச் சொல்லியிருப்பன்" என்றார்.

"கேட்டால் சொல்லுவினமோ?" என்றார் அப்பா.

அடுத்த சனிக்கிழமை ஓடைக்காரியும் நிலக்காரரும் ஓடையடியில் நின்றார்கள். வெறும் கரை. கீழ்க் கமக்காரர் திரும்பவும் கத்தியிருக்கிறார் போல, நிலக்காரரின் முகம் சிவந்து கிடந்தது. நட்டதெல்லாம் எங்கே என்று அவர் கேட்டார். தலைவர் மாமாவுக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சில் மான் என்ற சொல்லும் இருந்தது. மான் தின்றுவிட்டது என்றார். அம்மா நிலத்தைப் பார்த்தார்.

ஓடைக்காரி எங்களிடம் திரும்பினார். பிள்ளைகள், நீங்கள் மானைக் கண்டீர்களா?

நாங்கள் தலையாட்டினோம். ஓம், கண்டோம். முதலில் ஆட்டியது நான். பிறகு நீங்கள் எல்லாரும். ஒருவன் கொம்பு கூடக் காட்டினான். அவன் யார் என்று அவனுக்குத் தெரியும்.

நிலக்காரர் எங்களுக்கு முன்னால் வைத்து அந்தப் பெண்ணை ஏசினார். மான் திரியும் இடத்தில் காவல் இல்லாமல் நட்டாயா, இதுதான் உன் திட்டமா என்று கத்தினார். குளிர் தொடங்குவதற்குள் கரை சரிவராவிட்டால் குத்தகை முடிந்தது என்றார். ஓடைக்காரி குனிந்து வெறும் கரையின் குழிகளைப் பார்த்தார். காது சிவந்திருந்தது.

மூன்று கிழமை போனது. பயித்தங்கொடி கையளவு வந்தது. அதற்கு முன்னால் தடி துளிர்த்துவிட்டது.

ஒவ்வொரு தடியிலும் நீட்டு நீட்டாகப் பச்சை இலை. அப்பா பாத்திக்கு நடுவில் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். "ஐயோ, இது கதியால்" என்றார். "இஞ்சேருங்கோ அண்ணை, நாங்கள் பிடுங்கினது கதியால்."

ஊரில் வேலி அடைத்தவர்களுக்குக் கதியாலைத் தெரியாதா? பூவரசிலோ கிளுவையிலோ ஒரு தடியை வெட்டி ஊன்றினால் வேர்விட்டு மரமாகும். அந்த வேலிகளுக்குள் பிறந்து வளர்ந்த ஐந்து ஆம்பிளைகள், உயிருள்ள தடியைக் கையால் பிடித்தும் அது என்ன என்று காணவில்லை. நுனிப் பெயின்றைத்தான் கண்டார்கள். வெட்டுவாய் காயாமல் இருக்கவும், எது தலை எது கால் என்று தெரியவும் பூசிய பெயின்ற் அது.

அப்பா துளிரைக் கிள்ளிவிட்டார். அடுத்த சனிக்கிழமை இரண்டு மடங்கு துளிர்த்தது. திரும்பக் கிள்ளினார். திரும்பத் துளிர்த்தது. சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணை, பயித்தங்காய் காய்க்கிதோ இல்லையோ, தடி காய்க்கும்" என்றார். அப்பா சிரிக்கவில்லை.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடைக்காரி வந்தார். நேரே பயித்தம் பாத்திக்கு வந்தார். சிவப்பு நுனி, பச்சை இலை, நடுவில் எங்கள் கொடி. ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தார். எங்களையும் பார்த்தார், பிள்ளைகளை. நான் முகத்தைத் திருப்பினேன். அவர் போய்த் தன் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அப்பா மரக்கறிப் பெட்டியின்மேல் இருந்துவிட்டார். "முடிஞ்சுது" என்றார்.

முடியவில்லை. அம்மா கார்டரியில் இருந்து, சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் போன் எடுத்தார். அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார். வந்தார். நிலக்காரர் இல்லாத நேரம், எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் முன்னால், தலைவர் மாமா பார்த்துக்கொண்டிருக்க, அம்மா தன்னுடைய உடைந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னார். மான் இல்லை, நாங்கள். ஏன் என்றால், எங்கள் ஊரில் அந்தச் சிவப்பு என்றால் இது. சொல் வராத இடத்தில் தன் காலைக் காட்டினார். வெடிக்கிறது போலக் கையை விரித்துக் காட்டினார்.

ஓடைக்காரி தொப்பியைக் கழற்றினார். அப்பா எழும்பிக் கொடுத்த பெட்டியில் இருந்தார். பிறகு சொன்னதை அம்மா எங்களுக்குத் தமிழில் சொன்னார். "தனக்குத் தெரியாதாம். நட முதல் எங்களோட கதைச்சிருக்க வேணுமாம். உங்களுக்கு எந்த நிறம் பயமில்லை எண்டு கேக்கிறா."

"மஞ்சள்" என்றார் அம்மா, யோசிக்காமல்.

அந்த இலையுதிர் காலத்தில் புதுத் தடிகளை நாங்களே வெட்டினோம். பிள்ளைகள் நாங்கள் நுனிக்கு மஞ்சள் பூசினோம். உங்கள் சட்டையெல்லாம் மஞ்சள், வீட்டில் அடி வாங்கினீர்கள். ஆம்பிளைகள் கரையில் ஊன்றினார்கள். கதியால் ஊன்ற அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஓடைக்காரி நின்று பார்த்தார். ரை விதைத்தோம். சால்கள் குறுக்கே. அப்பாவின் வரம்பு அவர் கீறியபடியே நின்றது. வசந்தத்தில் பனி உருகியபோது மண் இருந்த இடத்தில் இருந்தது. குத்தகை தொடர்ந்தது. அப்பா சாகும் வருஷம் வரைக்கும் அந்த நிலத்தில் குந்தி மண்ணைக் கிள்ளி, நாளைக்குப் பாப்பம் என்றார். எனக்கு அப்பா இருந்தது அந்தக் குரலில்தான். அதை எங்களுக்கு மிச்சம் வைத்துத் தந்தது அந்தப் பெண்.

அவரை அப்பா துரத்தினாராம்! கேளுங்கள். அந்த வருஷம் கடைசிப் பயித்தங்காயைப் பிடுங்கி ஒரு பையில் கட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, பஸ்ஸும் மெற்றோவுமாக மாறி மாறி அவர் வேலை செய்யும் கந்தோருக்கு அப்பா போனார். கோயிற் காற்சட்டை போட்டிருந்தார். ஓடைக்காரி வெளியே வந்ததும் பையை நீட்டி "மெர்சி, மெர்சி" என்றார். பிரெஞ்சில் நன்றி சொல்ல அவருக்கு வேறு சொல் இல்லை. எப்படிச் சமைப்பது என்று அவர் கேட்க, அப்பா கையால் முறித்துக் காட்டி, சட்டியில் பிரட்டிக் காட்டினார். திரும்பும்போது நின்று, தமிழில், "தங்கச்சி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். ஓடைக்காரி, என்ன சொன்னார் என்பதுபோல என்னைப் பார்த்தார். "அவவுக்குச் சொல்லாத, பிள்ளை" என்றார் அப்பா, வெட்கத்தில். நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வருஷம் ஓடைக் குழுவில் இருந்து வேறு ஆள் வந்தார். ஓடைக்காரி எங்களில் அலுத்துப் போய்விட்டார் என்று நினைத்தேன். அப்பாவின் சாமான்களை ஒதுக்கும்போது அம்மா ஒரு பிளாஸ்ரிக் கோவையைத் தந்தார். அதற்குள் அந்தத் திட்டத்தின் பிரதி. கடைசிப் பக்கத்தில் ஓடைக்காரி நிலக்காரருக்கும் தன் கந்தோருக்கும் எழுதியது இருக்கிறது. அம்மா எல்லாவற்றையும் சொன்ன பிறகு எழுதியது. முதல் நட்ட தடிகள் அழிந்ததற்குக் குத்தகைக்காரர் பொறுப்பில்லை, அவர்களோடு பேசாமல் நட்டது திட்டம் போட்டவரின் பிழை என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார். நாங்கள் பிடுங்கினோம் என்று ஒரு எழுத்து இல்லை. எழுதியிருந்தால் நிலக்காரர் எங்களை அன்றைக்கே அனுப்பியிருப்பார். அதனால் அவருக்கு ஏதும் கெடுதல் வந்ததா, எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்லமாட்டேன். அவர் எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். இந்த நாட்டில் எங்களுக்காகப் பழியை எடுத்துத் தன் பெயரில் எழுதிக்கொண்டவர் வேறு ஒருவரும் இல்லை.

தலைவர் மாமா, நீங்கள் பயந்ததில் பிழை இல்லை. நானும் பயந்தேன். பயத்தில் பிடுங்கியதிலும் பிழை இல்லை. அதை அவர்மேல் போட்டதுதான் பிழை. அதைவிடப் பெரிய பிழை, இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதே பொய்யைச் சொல்லி, இப்போது வந்து நிற்கும் இரண்டு இளம் ஆட்களையும் வாசலில் வைத்துத் திருப்பப் பார்ப்பது.

வருகிற ஞாயிறு, வாக்கெடுப்புக்கு முன் நான் எழும்பி, மானைக் கண்டேன் என்று தலையாட்டியது நான் என்று சொல்லப்போகிறேன். என்னோடு ஆட்டியவர்களும் எழும்புங்கள். அதற்குப் பிறகு நீங்கள் எழும்புங்கள் மாமா. என்னோடு தனியாகப் போனில் கதைக்க வேண்டாம். அம்மாவிடம் ஆள் அனுப்ப வேண்டாம். நீங்கள் அன்றைக்கு மான் என்று சொன்னபோது அங்கே எத்தனை மான் நின்றது? சனத்துக்கு முன்னால் பதில் சொல்லுங்கள்.